நான் சேர்த்துப் படித்த ஒரு வார்த்தை

போன வாரம் எங்கள் ஊர் பழைய பஞ்சாயத்துத் தலைவர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் தையல் மேஜைமேல் வைத்தார். பஞ்சாயத்துத் தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அது வரும்போது ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் போடுவதற்கு நான் வாசித்துக் கொடுக்க வேண்டிய விளம்பரம் அது. "ஆற்றங்கரைத் தெருவுக்குக் குடிநீர் கொண்டுவந்தார்" என்று யாரோ டைப் அடித்திருந்தார்கள். அந்த வரிக்குக் கீழே அவரே பேனாவால், "வாரத்தில் நான்கு நாள். வெயில் காலத்தில் இரண்டு நாள்" என்று எழுதியிருந்தார். கோழி கிளறியது போன்ற கையெழுத்து.

"சரியா இருக்கா தங்கச்சி? ஒரு தடவ அங்க போய்ப் பாத்துட்டு வாசி" என்று சொல்லிவிட்டு, சாயா வேண்டாம் என்று கையாட்டி இறங்கிப் போனார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்த மனிதருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவருக்கு மட்டுமல்ல, இன்னும் இரண்டு பேருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அருமனைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில், பஸ் நின்றால் நான்கு பேர் இறங்கும் ஒரு ஜங்ஷனில் என் தையல் கடை. பக்கத்துக் கடை மைக் செட். அதன் சொந்தக்காரர் தேங்காப்பட்டணத்துக்காரர். ஊரே அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், காக்கா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். அவருக்கு அறிவிப்புகள் வாசித்துக்கொண்டிருந்த டீச்சர் மாற்றலாகிப் போன அன்று ஒரு சாவு அறிவிப்பு வந்து நின்றது. ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த என்னை வந்து கூப்பிட்டார். "மோளே, ஒனக்கு நல்ல சத்தமாக்கும். கடன்காரி கூட்டம் வந்து ஒன்கிட்ட ரவிக்க கேக்கும்போ நீ போடுத சத்தம் எனக்குச் செவுரு தாண்டிக் கேக்குது. வந்து இத வாசி" என்றார். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும் என்பதை அவர் இப்படிப் பாராட்டாகச் சொன்னார்.

அன்றிலிருந்து இருபது வருஷமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் போனாலும் என் குரலில்தான் போவார்கள். "அடக்க ஆராதனை மாலை நான்கு மணிக்கு அன்னாரது இல்லத்தில்" என்று நான் சொன்னால், ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருப்பவர்கள் மிஷினை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போவார்கள். யாரும் போன் போட்டு உண்மையா என்று கேட்டதில்லை. காணாமல் போன மாடு, கரண்டு கட், திருவிழா, சொட்டு மருந்து எல்லாம் நான்தான். மழைக்காலத்தில் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒரு தாள் வரும். மேலே அணையைத் திறக்கப் போகிறார்கள், ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போக வேண்டும் என்று இருக்கும். அதையும் நான்தான் வாசிப்பேன். மற்றதெல்லாம் ஊருக்குச் செய்தி. ஆற்றங்கரைத் தெருவில் இருக்கும் பதினைந்து இருபது வீட்டுக்காரர்களுக்கு இது உயிர்.

இந்த நிலைமையில்தான் முன்பு ஒரு பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. நான் மேலே சொன்ன மனிதர் தலைவர் பதவிக்கு நின்றார். ஏற்கெனவே ஒருமுறை தலைவராக இருந்தவர். வேட்டி கசங்காது, குரல் உயராது, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருவார். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவருடைய ஆட்கள் கொண்டுவந்த தாளில், "ஆற்றங்கரைத் தெருவுக்குக் குடிநீர் வழங்கியவர்" என்று ஒரு வரி இருந்தது.

அந்தத் தெருவுக்கு அவர் காலத்தில் டேங்க் கட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கு மோட்டார் வரவில்லை. குழாயும் பாதி வழியில் நின்றுபோயிருந்தது. டேங்க் உச்சியில் ஒரு அரசங்கன்று முளைத்து நன்றாகத் தழைத்திருந்தது. நான் தினமும் பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் கடைக்கு வருவேன்.

"காக்கா, தண்ணி வரல்லியே" என்றேன்.

"எழுதினது அவங்க, வாசிக்கது நாம. எல்லா இடத்திலயும் இதுதானே நடக்குது" என்றார் காக்கா.

நான் அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று சொல்லலாம். நான் செய்தது அதைவிட மோசம். அந்த வரியை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். மொட்டையாக நின்றது. மரண அறிவிப்பில் "துயரத்துடன்" என்று ஒரு இடத்தில் இழுத்தால் எப்படி நிற்கும் என்பது எனக்குக் கைவந்த பழக்கம். இதற்கும் ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. "தங்குதடையின்றிக் குடிநீர் வழங்கியவர்" என்று வாசித்தேன். தாளில் இல்லாத வார்த்தை. காதுக்கு நன்றாக இருந்தது. காக்கா உள்ளேயிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பத்து நாள் அது ஊரெல்லாம் ஓடியது. அவர் ஜெயித்தார். அந்த ஒரு வரியால்தான் ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டோ அந்தத் தெருவுக்குள்ளும் போயிருக்கிறது. காலிக் குடத்தோடு நின்றவர்கள் மத்தியில் என் குரல், தங்குதடையின்றி, தங்குதடையின்றி என்று பாடிக்கொண்டு போயிருக்கிறது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த மழைக்காலம். இரண்டு நாளாக விடாத மழை. காலையிலேயே பஞ்சாயத்துத் தாள் வந்தது. வாசித்துக் கொடுத்தேன், ஆட்டோ போனது. எனக்கு மதியத்துக்குமேல் வேலை ஓடவில்லை. ஆற்றங்கரைத் தெருவில் இருக்கும் அக்கா ஒருவருக்கு ரவிக்கை தைத்து வைத்திருந்தேன். ரப்பர் பால் வெட்டப் போகிறவர். மழை என்றால் வெட்டு கிடையாது, வீட்டில்தான் இருப்பார். ஆனால் இன்று மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார், வழியில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

தெருவுக்கு இறங்கி ஓடினேன். எல்லா வீட்டிலும் புகை வந்துகொண்டிருந்தது. ஆறு அதற்குள் கலங்கி, படித்துறையை மூடிவிட்டு, தென்னந்தோப்புக்குள் கால் வைத்திருந்தது. அக்கா முற்றத்து ஓலைப் பந்தலுக்குள் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஆட்டோ வரல்லியா? நான் சொன்னது கேக்கல்லியா?"

"கேட்டுது. நல்லாத்தான் கேட்டுது."

"பின்ன ஏன் போகல்ல?"

அக்கா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "ஏட்டி, டேங்குல தண்ணி வருதுன்னு பறஞ்சதும் நீதானே? தங்குதடையில்லாம வருதுன்னு பறஞ்ச. இந்தா, இன்னைக்கும் நான் கொடத்தத் தூக்கிட்டு மேட்டுக் கெணத்துக்குப் போயிட்டுத்தான் வாறேன். டேங்குல தண்ணி வருதுன்னதும் நீ, ஆத்துல தண்ணி வருதுன்னதும் நீ. நான் எதத்தான் நம்பட்டு?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். பக்கத்து வீட்டில் ஒரு பெண் சிரித்தாள். போன தேர்தலோடு இவர்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றேன். ரவிக்கைப் பொட்டலம் கையிலேயே ஊறிப்போனது.

அக்கா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கத்தியை வைத்துவிட்டு எழுந்தார். "கொடகூட எடுக்காம ஓடி வந்திருக்கா. இது மெய்தானாக்கும். ஏலே, எல்லாரும் எறங்குங்க!" என்று தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டார். என் குரல் சாதிக்காததை அவருடைய குரல் ஒரு நொடியில் சாதித்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மேடு ஏறும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். ஆனால் அக்காவின் இரண்டு ஆடுகள் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தில் கட்டியபடியே கிடந்தன. அவிழ்க்க நேரமில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் நிற்கும்போது அவை கத்துவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் கேட்கவில்லை.

அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தண்ணீர் வடிந்ததும் நேராகக் காக்காவிடம் போனேன். எனக்கு ஒரு அறிவிப்புப் போட வேண்டும் என்றேன். என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. தலைவர் ஜெயித்து நாற்காலியில் இருக்கிறார், பஞ்சாயத்து வேலை எல்லாம் காக்காவுக்குத்தான் வருகிறது. வேண்டாம் மோளே என்று சொல்லியிருந்தால் நான் திரும்பியிருப்பேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "அன்னைக்கு நான் கட்ட வெரலு காட்டினேன், இல்லியா?" என்றார். உள்ளே போய் மைக்கைத் துடைத்து வைத்தார். அந்தக் கேள்விக்காகவே காக்காவை என் ஆயுள் முழுக்க மறக்க மாட்டேன்.

பாட்டு போடாமல், சாவு அறிவிப்பு போகும் அதே வேகத்தில், தேர்தலுக்கு ஆட்டோ போன அதே வழியெல்லாம் அது போனது. யார் செத்தது என்று ஜனங்கள் வெளியே வந்து நின்றார்கள்.

"தேர்தல் சமயத்தில் இந்தக் குரலில் ஆற்றங்கரைத் தெருவுக்குத் தங்குதடையின்றிக் குடிநீர் வருவதாகச் சொன்னேன். வரவில்லை. வரவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். எல்லோரும் மன்னிக்க வேண்டும். அணை திறப்பதாக இந்தக் குரலில் சொன்னது மெய். இனியும் மெய்தான் சொல்வேன். அதை மட்டும் தயவுசெய்து நம்புங்கள்."

அவ்வளவுதான். வாசிக்கும்போது இரண்டு இடத்தில் தடுமாறினேன். திரும்ப எடுக்கலாமா என்று காக்கா கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆட்டோ இரண்டாவது சுற்றுப் போவதற்குள் தலைவர் என் கடைக்கு வந்துவிட்டார். அவ்வளவு கோபத்தில் நான் அவரைப் பார்த்ததே இல்லை. வேட்டிகூடக் கசங்கியிருந்தது. நான் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. பயத்தில் கால் தானாக மிதித்துக்கொண்டே இருந்தது, துணியில்லாமல் ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கெதிரா ஒன்ன யாரு தூண்டிவிட்டது?" என்றார்.

"யாரும் தூண்டல்ல அண்ணே."

"டேங்க் கெட்டினது நான்தானே? அதுக்கு நான் எத்தன தடவ நாகர்கோவிலுக்கு நடந்தேன்னு ஒனக்குத் தெரியுமா?"

"கெட்டினது மெய். டேங்க் கெட்டினார், மோட்டார் வரல்லன்னு எழுதியிருந்தா அதத்தான் நான் வாசிச்சிருப்பேன்."

"அப்படி யாராவது எழுதுவானா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அக்காவின் ஆடுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. குனிந்து, கசங்கிய வேட்டியை நீவிவிட்டார். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல நிமிர்ந்தார்.

"தங்குதடையின்றி... அது என் தாளுல இருந்ததா? நான் எழுதல்லியே."

"அது நான் சேத்தது."

என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ பாதிப் பொய் எனக்கு, பாதி ஒனக்கு" என்றார். சிரிப்பு நின்றதும், "என் ஆட்கள் எழுதினத நான் வாசிச்சுக்கூடப் பாக்கல்ல தங்கச்சி. பாத்திருந்தாலும் விட்டிருப்பேன்" என்றார். கடைசியில் அவர் சொன்ன இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. சொல்லாமலே எழுந்து போயிருக்கலாம். அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.

அதன்பிறகு அவரிடமிருந்து அவ்வப்போது தாள் வர ஆரம்பித்தது. மோட்டாருக்கு இன்னும் அனுமதி வரவில்லை, கோப்பு இந்த ஆபீசில் இருக்கிறது, போய்க் கேட்டேன், அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று இருக்கும். அவருடைய ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வராத தண்ணீருக்கு மைக் கட்டும் ஆளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று சாயாக்கடையில் கேலி பேசினார்கள். நான் ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் வாசித்தேன்.

அடுத்த வருஷமும் மழை வந்தது, முந்தினதைவிடப் பெரிய மழை. காலையில் தாள் வந்தது, வாசித்தேன், ஆட்டோ போனது. மன்னிப்புக் கேட்டது சரி, அதை யார் கேட்டார்கள், கேட்டவர்கள் எத்தனை பேர் நம்பினார்கள், யாருக்குத் தெரியும்? கடையைப் பூட்டிவிட்டு, இந்த முறையும் குடையை மறந்துவிட்டு ஓடினேன்.

தெரு காலியாக இருந்தது. எல்லா வீடும் பூட்டு. ஒரு அடுப்பிலும் புகையில்லை. அக்காவின் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பலாமரத்தில் கயிறு இல்லை. புதிதாக வாங்கிய ஆடும் இல்லை. ஆறு இன்னும் படித்துறைக்குக் கீழேதான் இருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. கொஞ்சம் அழவும் செய்தேன், மழையில் அது யாருக்குத் தெரியப்போகிறது.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். அக்காவின் ஆடு கொடிக்கம்பத்தில் கட்டியிருந்தது. அதற்காகத் தலைமையாசிரியர் அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கண்டுகொள்ளாமல் வராந்தாவில் மூன்று கல் வைத்துப் பாலில்லாத கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு டம்ளரை நீட்டினார்.

"நீ எதுக்குட்டி மழையில ஓடி வந்த? ஒன் சத்தம் வந்துதே, அது போராதா?"

டம்ளரை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி அக்கா" என்றேன். சாயாவுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து, "இதுக்கு என்னத்துக்கு நன்றி" என்றார். நான் திருத்தவில்லை. பாதி டம்ளர் குடித்திருப்பேன், அவர் மறுபடி பேசினார். "கேட்டியா, அந்த டேங்குல என்னைக்காவது தண்ணி வந்தா, அதையும் நீதான் பறையணும். வேற ஆளு பறஞ்சா நான் கொடத்த எறக்க மாட்டேன்."

தண்ணீர் வர அதற்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேலானது. வரும் என்று சொன்ன அன்று, தாள் என் மேஜைக்கு வந்த பிறகும் நான் வாசிக்கவில்லை. தலைவரிடம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அக்கா வீட்டு வாசலில் புதுக் குழாய் முதலில் காற்றை ஊதியது, பிறகு துருத் தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். அக்கா செம்பில் பிடித்து முதலில் எனக்குக் கொடுத்தார். குடித்தேன். டேங்க் உச்சியில் அரசங்கன்றை வெட்டியிருந்தார்கள். திரும்பி வந்து காக்காவின் மைக் முன்னால் உட்கார்ந்து தாளில் இருந்ததை அப்படியே வாசித்தேன். கடைசியில் ஒரு வரி மட்டும் நானாகச் சேர்த்தேன்.

"இதை நான் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

ஆட்டோ ஆற்றங்கரைத் தெருவுக்குள் போனபோது, அக்கா சொன்னபடியே அப்போதுதான் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்ததாகக் காக்கா வந்து சொன்னார்.